மழைக்குக் கணக்குப் போட்ட மேதை

திருவொற்றியூருக்கு மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய் போகிறது. ஒரு காலத்தில் அரிசியும், உப்பும், விறகும் ஏற்றிய படகுகள் அதன் வழியாகத்தான் சென்னைக்கு வந்து சேர்ந்தன. சென்னையிலிருந்து எண்ணூர் வரை செல்லும் வடபகுதி 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வெட்டப்பட்டுவிட்டது. ஆனால், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் நடுப்பகுதி வெட்டப்பட்டது 1877, 1878-ம் ஆண்டுகளில். அதை வெட்டியவர்கள் பஞ்சத்தில் அடிபட்டவர்கள். நிலம் காய்ந்து, மாடு மடிந்து, பிழைக்க வழியின்றி நிவாரண வேலைக்கு வந்த ஜனங்கள் அவர்கள்.

அதுதான் தாது வருஷப் பஞ்சம். நம் பாட்டன்மார் கதை கதையாகச் சொல்லிவிட்டுப் போன பஞ்சம்.

1876-ல் சென்னை ராஜதானியில் மழை பொய்த்தது. அடுத்த வருஷமும் பருவமழை கைவிட்டது. கடல் வழியாக வந்த தானிய மூட்டைகள் சென்னைக் கடற்கரையில் மலைபோல் குவிந்தன. வாங்கத்தான் ஏழைகளிடம் காசு இல்லை. நிவாரண வேலை செய்த ஆண்மகனுக்கு ஒரு நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் என்று 1877-ல் சர்க்கார் நிர்ணயித்தது. கடுமையாக உழைப்பவனின் உடம்பு தாங்க அது போதாது என்று சென்னையின் சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ் வாதாடினார். பஞ்சம் ஓய்ந்தபோது, இந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் மாண்டவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்று கணக்கிடப்பட்டது.

அந்தப் பஞ்சம் ஒரு கேள்வியை விட்டுச் சென்றது. மழை பொய்க்கப் போகிறது என்று சில மாதங்களுக்கு முன்பே தெரிந்திருந்தால், தானியத்தைச் சேர்த்து வைத்திருக்கலாமே! உயிர்களைக் காப்பாற்றியிருக்கலாமே! மழையை முன்கூட்டியே அறிய வழி உண்டா?

இந்தக் கேள்விக்கு விடை காண இருபது வருஷம் இந்தியாவில் உட்கார்ந்து கணக்குப் போட்டவர் சர் கில்பர்ட் வாக்கர். அவருக்கு வானிலை சாஸ்திரம் தெரியாது. கணிதம்தான் தெரியும்!

பனியைப் பார்த்தவர்

இந்திய வானிலை இலாகா 1875-ல் தோன்றியது. அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்போர்டு. இலாகா தோன்றிய மறுவருஷமே பஞ்சம் வந்து வாசலில் நின்றது. மழை வருமா, வராதா என்று சர்க்கார் அவரைக் கேட்டது.

பிளான்போர்டு இமயமலையைப் பார்த்தார். குளிர்காலத்தில் அங்கே பனி மிகுதியாகப் பெய்தால், அடுத்து வரும் தென்மேற்குப் பருவமழை குறைவதைக் கவனித்தார். இதை வைத்து 1880-களில் சொன்ன ஜோசியம் சில வருஷங்கள் பலித்தது. 1886 முதல் ஆண்டுதோறும் முன்னறிவிப்பு வெளியாயிற்று.

அவருக்குப் பின் வந்தவர் சர் ஜான் எலியட். இவர் இமயமலையோடு நிற்கவில்லை. இந்துமகா சமுத்திரம், ஆஸ்திரேலியா என்று பார்வையை விரித்தார். அவருடைய அறிக்கைகள் பக்கம் பக்கமாக நீண்டன. ஆனால் 1899-ல் பெரிய அடி விழுந்தது. நல்ல மழை என்று எதிர்பார்த்த வருஷத்தில் வானம் வறண்டது. மீண்டும் ஒரு கொடிய பஞ்சம். பத்திரிகைகள் எலியட்டை வறுத்து எடுத்தன. அதன் பிறகு சில ஆண்டுகள், முன்னறிவிப்பு அதிகாரிகளின் கண்ணுக்கு மட்டும் காட்டப்படும் ரகசியமாகிவிட்டது.

எலியட் ஓய்வு பெறும் காலம் வந்தது. தமக்குப் பின் யார் என்று யோசித்தார். வானிலை சாஸ்திரியைத் தேடவில்லை. கேம்பிரிட்ஜில் இருந்த ஒரு கணித ஆசிரியரைத் தேர்ந்தெடுத்தார்.

பூமராங் வாக்கர்

கில்பர்ட் தாமஸ் வாக்கர் இங்கிலாந்தில் லங்காஷயரைச் சேர்ந்த ராச்டேல் என்ற ஊரில் 1868-ம் ஆண்டு ஜூன் 14-ந் தேதி பிறந்தார். தந்தை ஓர் என்ஜினீயர். லண்டனில் உள்ள செயின்ட் பால் பள்ளியில் படிக்கும்போதே சுழலும் பொருள்களில் சிறுவனின் மனம் சுழன்றது. பம்பரம் போன்ற விஞ்ஞானக் கருவி ஒன்றைத் தானே செய்து ஆசிரியர்களை வியக்க வைத்தான்.

பிறகு கேம்பிரிட்ஜில் டிரினிடி கல்லூரி. 1889-ல் கணிதப் பரீட்சையில் முதல்வராகத் தேறி, சீனியர் ராங்ளர் ஆனார். பத்து வருஷங்களுக்குப் பின் நம் நாட்டு ராங்ளர் பராஞ்சபே பெற்றாரே, அதே பெருமை!

ஆனால் படித்த படிப்பு உடம்பைப் படுத்திவிட்டது. உடல்நிலை சீர்கெட்டு, மூன்று குளிர்காலங்களை ஸ்விட்சர்லாந்தில் கழித்தார். சும்மா இருக்கவில்லை. பனிக்கட்டி மீது சறுக்கி ஆடக் கற்றுக்கொண்டார்.

கேம்பிரிட்ஜ் திரும்பியதும் அவருக்கு இன்னொரு பித்துப் பிடித்தது. ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் பூமராங் என்னும் எறிதடி! நம் சிவகங்கைச் சீமை வளரியைப் போன்றது. எறிந்தவனிடமே திரும்பி வரும். கல்லூரிக்குப் பின்னால் உள்ள புல்வெளியில் நின்று அதை வீசுவார். ஏன் திரும்பி வருகிறது என்று கணக்குப் போடுவார். நண்பர்கள் அவருக்குப் பூமராங் வாக்கர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

புல்லாங்குழலிலும் அவருக்கு ஆசை உண்டு. வாசிப்பதோடு நிற்காமல், குழலின் துளைகளையும் அமைப்பையும் ஆராய்ந்தார். எதை எடுத்தாலும் அதன் உள்ளே இருக்கும் ஒழுங்கைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதே அவர் சுபாவம்.

இப்படிப்பட்டவரிடம்தான் இந்தியாவின் மழை ஒப்படைக்கப்பட்டது. 1903-ல் இந்தியா வந்தார். 1904-ல் வானிலை இலாகாவின் தலைமைப் பதவி அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் லண்டன் ராயல் சொசைட்டியும் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. வயது முப்பத்தாறு.

சிம்லாவில் ஒரு கணக்குத் தொழிற்சாலை

வாக்கர் வந்ததும் முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டார். மழை ஏன் பெய்கிறது, ஏன் பொய்க்கிறது என்பதற்கான முழுக் காரணம் அன்று யாருக்கும் தெரியாது. தெரியாத காரணத்தைக் கற்பனை செய்வதில் பயனில்லை. உலகம் முழுவதிலுமிருந்து வானிலைக் குறிப்புகளைச் சேர்ப்போம். எதற்கும் எதற்கும் உறவு இருக்கிறது என்று எண்களே சொல்லட்டும் என்று தீர்மானித்தார்.

இந்த முறை எளிதில் விளங்கக் கூடியது. ஒரு வகுப்பில் கணக்கில் நிறைய மார்க் வாங்கும் மாணவர்களே விஞ்ஞானத்திலும் நிறைய வாங்கினால், இரண்டுக்கும் உறவு உண்டு என்கிறோம். அந்த உறவு எவ்வளவு நெருக்கம் என்பதை ஒரே எண்ணால் காட்டும் வழியை இங்கிலாந்தின் கணித நிபுணர்கள் அப்போதுதான் வகுத்திருந்தார்கள். வாக்கர் அதை எடுத்து வானத்துக்குப் பொருத்தினார்.

கம்ப்யூட்டர் இல்லாத காலம். சிம்லாவில் அவருடைய அலுவலகத்தில் இந்திய குமாஸ்தாக்கள் வரிசையாக உட்கார்ந்து, கூட்டியும் பெருக்கியும் காகிதங்களை நிரப்பினார்கள். ஜான்ஜிபாரின் மழை, மொரீஷியஸ் தீவின் காற்றழுத்தம், தென் அமெரிக்காவின் காற்றழுத்தம், இமயத்தின் பனி — இப்படி எத்தனையோ எண்கள். வாக்கரின் பெயரில் வந்த முடிவுகளுக்குப் பின்னால் பெயர் தெரியாத பல இந்தியக் கைகளின் உழைப்பு இருந்தது.

இறுதியில் நான்கு குறிகளைத் தேர்ந்தெடுத்தார். இப்போது சொன்ன நான்கும்தான் அவை. அவற்றை ஒரு சூத்திரத்தில் கோத்து, வரப்போகும் தென்மேற்குப் பருவமழை சராசரிக்கு மேலா, கீழா என்று மதிப்பிட்டார். உலகத்தில் பருவகால மழையை எண்களைக் கொண்டு முன்னறிவிக்கும் கலை இப்படித்தான் வேரூன்றியது.

அவர் தம் கண்டுபிடிப்பில் மயங்கிவிடவும் இல்லை. ஆயிரம் ஜோடிகளை ஒப்பிட்டுப் பார்த்தால், அவற்றில் சில தற்செயலாகவே பொருந்திவிடும். அந்தப் பொய் உறவை நம்பினால் நாட்டு ஜனங்கள் பட்டினி கிடக்க நேரும். ஆகவே எது உண்மை உறவு, எது தற்செயல் என்று பிரித்தறிய 1914-ல் ஒரு சோதனை முறையையே வகுத்தார். சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளால்தான் பஞ்சம் வருகிறது என்று அப்போது பலர் நம்பினார்கள். அதையும் கணக்கில் போட்டுப் பார்த்தார். மழையைக் கணிக்கும் அளவுக்கு அதில் வலுவில்லை என்று தெரிந்தது.

நாட்டின் சீதோஷ்ணம் மாறுகிறதா?

இதற்கிடையில் இன்னொரு கேள்வியும் அவர் மேஜைக்கு வந்தது. 1890-களின் நடுவிலிருந்து பல வருஷங்கள் மழை குறைவாகவே இருந்தது. காட்டை வெட்டியதால் மழை போய்விட்டது என்றார்கள் சிலர். நாட்டின் சீதோஷ்ணமே நிரந்தரமாக மாறிவிட்டது என்று அஞ்சினார்கள் வேறு சிலர்.

வாக்கர் பழைய மழைக் குறிப்புகளை எல்லாம் புரட்டினார். 1910-ல் தம் முடிவை வெளியிட்டார். மழை குறைந்தது உண்மை. ஆனால் அது நிரந்தர மாறுதல் அல்ல. மனிதன் செய்கையால் வந்ததும் அல்ல. இயற்கையில் எப்போதும் உள்ள ஏற்ற இறக்கமே என்றார்.

அன்று கையிலிருந்த எண்களுக்கு அது சரியான விடை. அதே கேள்வி நூறு வருஷத்துக்குப் பின் மீண்டும் எழுந்து, வேறு விடை கிடைக்கப் போகிறது என்பதை அவர் அறிந்திருக்க முடியாது. அதைப் பின்னால் பார்ப்போம்.

சென்னைத் துறைமுகத்தில் ஒரு நாள்

வாக்கரின் பெயர் தமிழ்நாட்டின் நெஞ்சில் நிற்பதற்கு வேறொரு காரணமும் உண்டு.

1913-ம் ஆண்டு பிப்ரவரி மாதக் கடைசியில் அவர் சென்னைக்கு வந்திருந்தார். துறைமுகத்துக்கும் சென்றார். அப்போது துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். அவருடைய அலுவலகத்தில் மாதம் முப்பது ரூபாய் சம்பளத்தில் ஒரு வாலிபர் குமாஸ்தாவாக இருந்தார். கப்பல் கணக்கு எழுதிய நேரம் போக மற்ற நேரமெல்லாம் வேறு கணக்குப் போட்டுக் கொண்டிருந்தார். பெயர் ராமானுஜம்!

ஸ்பிரிங் அந்த வாலிபரின் நோட்டுப் புத்தகத்தைப் பற்றி வாக்கரிடம் சொன்னார். ஒரு காலத்தில் கேம்பிரிட்ஜை வென்ற வாக்கர், அந்தக் காகிதங்களைப் பார்த்ததும் திகைத்துப் போனார். இது தம் துறைக்கு அப்பாற்பட்ட தூய கணிதம் என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். ஆனாலும் இது கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றின் ஆராய்ச்சியாளருடைய தரத்தில் இருக்கிறது என்பதை உணர்ந்தார். மறுநாளே, பிப்ரவரி 26-ந் தேதி, சென்னை சர்வகலாசாலைக்குக் கடிதம் எழுதினார். வயிற்றுக் கவலையின்றி இந்த வாலிபர் சில வருஷங்கள் கணிதத்திலேயே மூழ்கியிருக்க வழி செய்யுங்கள் என்பது அதன் சாரம்.

விளைவு என்ன? மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித் தொகை. கல்லூரிப் பட்டம் பெறாத குமாஸ்தா ராமானுஜம், சர்வகலாசாலையின் ஆராய்ச்சி மாணவரானார். அடுத்த ஆண்டு கப்பல் ஏறிக் கேம்பிரிட்ஜ் சென்றார். பிறகு நடந்ததை உலகம் அறியும்.

தராசின் இரு தட்டுகள்

துறைமுகத்தில் மாணிக்கத்தை அடையாளம் கண்டவருக்கு, தாம் தேடி வந்த பொருள் மட்டும் எளிதில் அகப்படவில்லை. வருஷங்கள் ஓடின. சில வருஷம் சூத்திரம் பலித்தது; சில வருஷம் காலை வாரியது. 1918-ல் பருவமழை மோசமாகப் பொய்த்தது. விளைச்சல் விழுந்த அதே வருஷத்தில் விஷக் காய்ச்சலும் பரவி, லட்சக்கணக்கான இந்தியரைக் கொண்டுபோயிற்று.

வாக்கர் கணக்கை நிறுத்தவில்லை. உலகத்தின் எண்கள் குவியக் குவிய, அவற்றினூடே ஒரு பிரம்மாண்டமான உருவம் தெரியத் தொடங்கியது.

பசிபிக் மகாசமுத்திரத்தில் காற்றழுத்தம் ஏறினால், இந்துமகா சமுத்திரப் பகுதியில் இறங்கியது. அங்கே இறங்கினால் இங்கே ஏறியது. ஒரு தராசின் இரண்டு தட்டுகள் மாதிரி! தட்டுகளுக்கு இடையே பத்தாயிரம் மைல் தூரம். சில வருஷங்களுக்கு ஒரு முறை அந்தத் தராசு சாய்ந்தது. சாயும் பக்கத்தைப் பொறுத்து இந்தியாவில் மழை கூடியது, குறைந்தது.

1920-களின் தொடக்கத்தில் வெளியிட்ட கட்டுரைகளில் இதற்குத் தென் அலைவு என்று பொருள்படும் பெயரை வைத்தார். வட அட்லாண்டிக்கிலும் வட பசிபிக்கிலும் இதைவிடச் சிறிய இரண்டு அலைவுகள் இருப்பதையும் எடுத்துக் காட்டினார்.

ஆனால் இதிலும் ஒரு விதி விளையாடியது. இந்தியாவின் மழை, தென் அலைவின் பிற்கால நிலையைக் காட்டுவதில் நன்றாகவே பொருந்தியது. தென் அலைவைக் கொண்டு வரப்போகும் இந்திய மழையைச் சொல்வதுதான் கடினமாக இருந்தது. அதாவது, எதை அறிய வந்தாரோ, அதைத் தவிர மற்றவற்றை அறிய வழி கிடைத்தது!

1924-ல் ஓய்வு பெற்றார். சர் பட்டத்துடன் இங்கிலாந்து திரும்பி, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 1934 வரை வானிலைப் பேராசிரியராக இருந்தார். அவருடைய அலைவைப் பல விஞ்ஞானிகள் சந்தேகத்தோடே பார்த்தார்கள். காரணம் சொல்ல முடியாத உறவை எப்படி நம்புவது என்று கேட்டார்கள். அதற்கு வாக்கரிடமும் விடை இல்லை. பொறுமையாகத் தம் எண்களை மட்டும் காட்டினார்.

1958-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி, தமது தொண்ணூறாவது வயதில் காலமானார். இந்தியாவின் மழையைச் சொல்ல முடியாமல் திரும்பியவர் என்பதுதான் அப்போது பலருடைய மதிப்பீடு.

நெத்திலி மீன் சொன்ன செய்தி

விடை கடலுக்குள் இருந்தது.

தென் அமெரிக்காவில் பெரு நாட்டுக் கடற்கரையில் நெத்திலி இனத்து மீன் ஏராளமாகக் கிடைக்கும். சில வருஷங்களில், கிறிஸ்துமஸ் சமயத்தில் கடல்நீர் வழக்கத்துக்கு மாறாகச் சூடாகிவிடும். மீன் மறைந்துவிடும். அங்குள்ள மீனவர்கள் இந்தச் சூட்டு நீரோட்டத்துக்குக் குழந்தை ஏசுவைக் குறிக்கும் எல் நினோ என்ற பெயரை வைத்திருந்தார்கள். வாடைக்கும் கொண்டலுக்கும் வேறுபாடு அறிந்து கட்டுமரம் இறக்கிய நம் திருவொற்றியூர் மீனவரைப் போல, அவர்களும் கடலின் குணம் அறிந்தவர்கள்.

வாக்கர் கண்ணை மூடும் தறுவாயில், 1957, 1958-ம் ஆண்டுகளில், உலக நாடுகள் ஒன்று சேர்ந்து சர்வதேச பூபௌதிக ஆண்டைக் கொண்டாடின. கடலையும் காற்றையும் உலகெங்கும் ஒரே காலத்தில் அளந்தார்கள். அதே சமயத்தில் பசிபிக்கில் பெரிய எல் நினோ ஒன்றும் வந்தது. அந்த அளவுகளை ஆராய்ந்த ஜேக்கப் பியர்க்னெஸ் என்ற விஞ்ஞானி, 1960-களில் முடிச்சை அவிழ்த்தார்.

சாதாரண வருஷங்களில் பசிபிக் காற்று கிழக்கிலிருந்து மேற்கே வீசி, சூடான நீரை இந்தோனேஷியா பக்கம் தள்ளிக் குவிக்கிறது. சூடான நீருக்கு மேலே காற்று எழும்பி மழையாகிறது. எல் நினோ வருஷத்தில் அந்தக் காற்று தளர்கிறது. சூட்டு நீர் கிழக்கே நகர்கிறது. மேகம் எழும் இடமும் அதனுடன் நகர்கிறது. இந்தியாவின் மேல் காற்று எழுவதற்குப் பதிலாகக் கீழே அமுங்குகிறது. மழை குறைகிறது. பெரு மீனவன் கண்ட சூட்டு நீரும், வாக்கர் கண்ட தராசும் ஒரே சம்பவத்தின் இரு பக்கங்கள்!

பசிபிக்கின் மேல் சுற்றும் அந்தக் காற்றோட்டத்துக்கு 1969-ல் பியர்க்னெஸ் வைத்த பெயர் வாக்கர் சுழற்சி. பழைய குறிப்புகளைத் திருப்பிப் பார்த்தபோது இன்னொன்றும் தெளிவாயிற்று. தாது வருஷப் பஞ்சத்தின் போதும், 1899-ல் எலியட் தோற்ற போதும் பசிபிக்கில் எல் நினோதான் ஆட்சி புரிந்தது. வாக்கர் தேடிய குற்றவாளி அதுதான்.

நமக்கு நேர்மாறு

இந்தியாவின் பெரும்பகுதி தென்மேற்குப் பருவமழையை நம்பியிருக்கிறது. சென்னை, திருவொற்றியூர், பொன்னேரி வட்டாரங்களுக்கோ ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழைதான் உயிர். இங்கே எல் நினோவின் குணம் மாறிவிடுகிறது. வடக்கே மழையைக் குறைக்கும் அதே எல் நினோ, தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையைப் பெரும்பாலும் கூட்டுகிறது.

2015 எல் நினோ வருஷம். வட மாநிலங்கள் பல வறட்சியில் தவித்தன. சென்னையோ டிசம்பர் மாதம் வெள்ளத்தில் மிதந்தது. மறு வருஷம் பசிபிக் மறுபக்கம் சாய்ந்தது. தமிழ்நாட்டில் 2016 வடகிழக்குப் பருவமழை 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்து, காவிரி நாடு காய்ந்தது. 2023-ல் மீண்டும் எல் நினோ. டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. திருவொற்றியூர், மணலி, எண்ணூர் பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது.

ஆனால், இதைக் கல்லில் எழுதிய சட்டமாகக் கொள்ளக் கூடாது. 1997-ல் மிகப் பெரிய எல் நினோ வந்தும் இந்தியாவில் மழை குறையவில்லை. தற்செயலைக் கண்டு ஏமாறாதே என்ற வாக்கரின் எச்சரிக்கை இங்கேயும் பொருந்தும்.

பூவும் தேனீயும்

1910-ல் அவர் ஆராய்ந்த கேள்விக்கு இப்போது வருவோம். நாட்டின் சீதோஷ்ணம் மாறுகிறதா?

ஆம், மாறுகிறது என்பதே இன்றைய விடை. நிலக்கரியும் எண்ணெயும் எரித்த புகையால் பூமியின் சராசரி வெப்பம் 19-ம் நூற்றாண்டின் அளவைவிட ஒரு டிகிரிக்கு மேல் ஏறிவிட்டது. 2024-ம் ஆண்டு அதுவரை பதிவான ஆண்டுகளிலேயே மிகச் சூடானது. இது இயற்கையின் ஊசலாட்டம் மட்டும் அல்ல. தராசு முன்போலவே ஆடுகிறது. ஆனால் தராசு வைத்திருக்கும் வீடே சூடாகிக் கொண்டிருக்கிறது.

இதனால் விவசாயிக்கு என்ன நஷ்டம்? மழையின் மொத்த அளவு மட்டும் அவனுக்குப் போதாது. வேளை முக்கியம். நெற்பயிர் பூக்கும் சில நாட்களில் வெயில் 35 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டினால் மகரந்தம் கெட்டு, கதிர் பதராகும். அதே நாட்களில் அடைமழை கொட்டினால் மகரந்தம் கழுவப்பட்டுப் போகும். தண்ணீர் குறையாத வயலிலும் விளைச்சல் குறையும்.

நெல்லுக்குத் தேனீயின் உதவி தேவையில்லை. பூசணி, வெள்ளரி, பாகல் போன்றவற்றுக்குத் தேவை. இவற்றில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பூசணிப் பூ விடியற்காலையில் விரிந்து, உச்சிப் பொழுதுக்குள் வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீ வந்து மகரந்தத்தைச் சேர்த்தால் காய். இல்லாவிட்டால் பிஞ்சு வெம்பி உதிரும். மழையில் தேனீ கூட்டை விட்டுக் கிளம்பாது. கடும் வெயிலிலோ, தேனைத் தேடுவதை விட்டுக் கூட்டைக் குளிர வைக்கத் தண்ணீர் சுமக்கப் போய்விடும். செடி சூட்டைக் கண்டு முன்னதாகவே பூத்து, பூச்சிகள் பின்னால் பெருகினால், பூவுக்கும் நஷ்டம், பூச்சிக்கும் பட்டினி. உலகின் முக்கிய உணவுப் பயிர் வகைகளில் நான்கில் மூன்று பங்கு, ஓரளவுக்காவது தேனீ முதலிய உயிர்களின் உதவியால்தான் காய்த்து விதைக்கின்றன.

ஆகவே, மழை எவ்வளவு என்று வாக்கர் போட்ட கணக்குடன், மழை எந்த வாரத்தில், வெயில் எந்த நாளில் என்ற கணக்கும் இன்று சேர்ந்துவிட்டது. கணக்கு பெரிதாகிவிட்டது. முறை மட்டும் அவர் காட்டியதுதான்: உலகம் முழுவதையும் ஒன்றாகப் பார்ப்பது, எண்களை ஒளிக்காமல் வைப்பது, தெரியாததைத் தெரியாது என்பது.

கணக்கு முடியவில்லை

இன்று இந்திய வானிலை இலாகா பருவமழை முன்னறிவிப்பு வெளியிடும்போது, பசிபிக் கடலின் சூட்டைப் பார்க்காமல் பேசுவதில்லை. தாது வருஷத்தில் சென்னைக் கடற்கரைக்குத் தானியம் வந்தும் ஜனங்கள் மாண்டார்கள். மழை வராது என்று முன்பே தெரிந்திருந்தாலும், கூலியை ஒரு பவுண்டு தானியமாகக் குறைத்த சர்க்கார் என்ன செய்திருக்கும் என்பது வேறு கேள்வி. அறிவிப்பு மட்டும் பசியை ஆற்றாது. அறிந்த பிறகு ஏரியைத் தூர் வாருவதும், கால்வாயைத் திறந்து வைப்பதும், தானியத்தை ஏழைக்கு எட்டச் செய்வதும் ஆள்வோரின் பொறுப்பு.

வாக்கர் தம் பங்கைச் செய்தார். பஞ்சத்தைத் தெய்வ கோபம் என்று சொல்லிக் கைகழுவாமல், அதற்கு ஒரு காரணம் உண்டு, அது கண்டுபிடிக்கக் கூடியது என்று நம்பினார். உயிரோடிருந்த வரை அந்தக் காரணம் அவர் கைக்கு எட்டவில்லை. ஆயினும் வழி தவறாமல் அதன் வாசல் வரைக்கும் போய் நின்றார்.

திருவொற்றியூரில் கார்த்திகை மாதத்து மேகம் கடலிலிருந்து ஏறி வரும்போது, அது தாராளமாகப் பெய்யுமா, தாண்டிப் போகுமா என்பதில் பத்தாயிரம் மைலுக்கு அப்பால் உள்ள கடலுக்கும் பங்கு உண்டு. அந்த இரண்டையும் ஒரே காகிதத்தில் எழுதிப் பார்த்தவர், வளரி போன்ற பூமராங்கை வீசி விளையாடிய அந்தக் கணக்கு வாத்தியார்தான்.